பதினோரு விநாடி இருட்டு

படக்காரம்மா காமிராவைத் தோளில் ஏற்றிவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். எதிரே நிற்கிறவருக்கு வேட்டி அவிழ்ந்து விழப்போகிறது என்றாலும் சொல்லமாட்டார். எங்கள் கடற்கரையில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சேலைக்கு மேல் அவர் போட்டுக்கொள்கிற முழுக்கை ஆம்பிளைச் சட்டை, அந்தச் சட்டைப் பையில் எந்நேரமும் கிடக்கிற பொரிகடலை, பேருந்தில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருகிற கறுப்புப் பெட்டி, இதெல்லாம் அப்புறம்தான்.

ஒருமுறை ஆலந்தலையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் படம் பிடிக்கப் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு வேலை இல்லாததால் காமிராவின் முக்காலியைச் சுமந்துகொண்டு நானும் கூடப் போயிருந்தேன். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்து, கொண்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக எழுந்து நின்றுவிட்டாள்.

“யம்மா, நான் எப்டி நிக்கணும்? இங்கன நிக்கட்டா, அங்கன நிக்கட்டா?”

படக்காரம்மா பதில் சொல்லவில்லை.

“ஏளா, இவுக ஊமையா?” என்று அவள் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

“படம் புடிக்கும்போது பேசமாட்டாகளாம். நீ சும்மா நில்லு.”

படக்காரம்மா காமிராவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்து நெத்திலியைப் புரட்டிப்போட ஆரம்பித்தார். வெயில் ஏறியது. ஒரு மணி நேரம் போனது. அந்தப் பெண் நின்று அலுத்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்களையே மறந்து, பாயை உதறாமல் விரித்ததற்காகத் தன் மருமகளைப் பிடித்து விளாச ஆரம்பித்தாள். அப்போதுதான் காமிரா தோளுக்கு ஏறியது. அந்த வசவு இன்றைக்கும் படத்தில் இருக்கிறது. மருமகள் இதுவரை படக்காரம்மாவை மன்னிக்கவில்லை என்று கேள்வி.

அவர் எடுத்ததெல்லாம் கதை இல்லாத படங்கள். ஆவணப்படம் என்கிறார்கள். நடிகர் இல்லை, பாட்டு இல்லை. உப்பு வாருகிறவர்கள், வலை கட்டுகிறவர்கள், கப்பலில் மூட்டை ஏற்றுகிறவர்கள்தான் ஆட்கள். ஒரு பெண் காமிராவைத் தூக்கிக்கொண்டு இப்படிக் கரை கரையாகத் திரிந்தது அந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான் என்றும், பின்னால் வந்த பெண்களெல்லாம் அவர் போட்ட தடத்தில் நடந்தவர்கள் என்றும் இப்போது எழுதுகிறார்கள். எழுதட்டும். அது உண்மைதான். அவருடைய மௌனத்தைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. தவம் என்கிறார்கள். கொள்கை என்கிறார்கள். இப்படி நில், அப்படிப் பார் என்று வாழ்நாளில் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். பிறவியிலேயே அப்படியாம்.

பிறவியாவது ஒன்றாவது. அந்த மௌனம் எந்தக் கடலில், எந்த நாளில் வந்தது என்று வெகுகாலம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் போய்விட்டார். மிச்சம் நான்.

அவர் முதன்முதலில் தருவைகுளத்துக்கு வந்தபோது அவரைப் போல ஒரு வாயாடியை நாங்கள் பார்த்ததில்லை. கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்களைப் படம் எடுக்க வந்திருந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். “இன்னொரு தடவ நடந்து வாங்க”, “இந்தப் பக்கம் திரும்புங்க”, “சிரிக்காதீங்க”, “இப்பச் சிரிங்க” என்று நாள் முழுக்க அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். வள்ளம் கரையேறுகிற காட்சி சரியாக விழவில்லை என்று ஒரு பெரியவரை மறுபடியும் வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளிக் கரையேற்றச் சொன்னார். அவரும் செய்தார். மூன்றாவது தடவை கேட்டபோது, “யம்மா, கடலு என்ன எங்க மாமனாரு வீடா, சும்மா சும்மா போயிட்டு வாரதுக்கு?” என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். படக்காரம்மா மணலில் உட்கார்ந்து சிரியாய்ச் சிரித்தார். அன்றைக்கே அவரை ஊருக்குப் பிடித்துப்போனது.

எனக்கும்தான். ஒரு நாள் காமிராவின் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கச் சொன்னார். தினமும் பார்க்கிற கடல்தான். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அது யாரோ சொப்பனத்தில் கண்ட கடலாக, தூரத்தில், சத்தமில்லாமல் அசைந்தது. கண்ணை எடுத்த பிறகும் வெகுநேரம் எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்தன. உப்பளத்து வெள்ளைக் குவியல்கள், வெயிலில் நடுங்குகிற தூரத்துக் கப்பல், தலையில் கூடையோடு ஈரமணலில் போகிற என் அக்காள். இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் அந்தச் சதுரத்துக்குள்தான் எல்லாம் நடக்கிறது. யாருக்கும் குரல் இல்லை. படக்காரம்மாவுக்கு மட்டும் உண்டு.

நான் என் மச்சானுக்குக் கயிறு பிடிக்கிறவன். மச்சான் என்றால் அக்காள் புருஷன். சங்கு குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே இப்படித்தான் என்பார்கள். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து ஆசையில் கையை விட்டாலும் விடுவான், மச்சினன் விடமாட்டான். விட்டால் தாலி அறுக்கப்போவது அவன் கூடப் பிறந்தவள் அல்லவா?

மச்சான் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு கடலடிப் பாறைக்கு இறங்குவார். அந்தப் பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் என் உள்ளங்கையில் இருக்கும். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால், பொறு. இரண்டு இழுப்பு வந்தால், தூக்கு. அவ்வளவுதான் பாஷை. தினமும் வள்ளம் தள்ளும்போது அக்காள் கரையில் நின்று ஒரே வார்த்தையைச் சொல்லுவாள்.

“ஏலே, கண்ணு கயித்துலயே இருக்கட்டும்.”

அன்றைக்கும் சொன்னாள். நான்தான் அன்றைக்குக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு போயிருந்தேன். படக்காரம்மா வள்ளத்தில் வருகிறார் என்று முந்தின நாளே தெரியும். அவரோடு வந்திருந்த ஒலிப்பதிவுக்காரர் அலையைப் பார்த்ததும் வாந்தியெடுத்துக் கரையிலேயே படுத்துவிட்டார். அதனால் ஒலிப்பதிவுப் பெட்டியும் படக்காரம்மா தோளிலேயே தொங்கியது. வள்ளம் ஓட்டுகிறவர் பின்பக்கம் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார்.

கரையைத் தாண்டிப் போனதும் அலையே இல்லை. கடல் எண்ணெய் தடவிய தோசைக்கல்லாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. மச்சான் இறங்கி, பச்சைத் தண்ணீருக்குள் மங்கி மங்கி, ஒரு நிழலாகி, அதுவும் இல்லாமல் போனார். கயிறு என் விரல்களுக்கு நடுவே ஓடி நின்றது. எல்லாம் அடங்கிய அந்த அமைதியில் குரல் வந்தது.

“தம்பி, இங்க பாருங்க.”

பார்த்தேன். சிரித்தேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் சிரித்ததில்லை என்று நினைக்கிறேன். காமிரா சிள்வண்டைப் போல இரைந்துகொண்டு ஓடியது. அதன் கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அது நான். உள்ளங்கையில் ஏதோ இரண்டு தடவை வெட்டி இழுத்தது. யார் கையிலோ இழுக்கிறது போல இருந்தது. இல்லை, இப்படி எழுதித் தப்பிக்கக் கூடாது. என் கையில்தான் இழுத்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இந்தச் சிரிப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

சங்கு போடுகிற பை பாறை இடுக்கில் மாட்டி, மூச்சு முட்டி, மச்சான் தானாகவே பிய்த்துக்கொண்டு மேலே வந்தார். மூக்கிலும் வலது காதிலும் ரத்தம். வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பிழைத்துக்கொண்டார். வலது காது மட்டும் அதோடு போயிற்று.

கரையில் அக்காள் கேட்டாள். “என்னலே ஆச்சு?”

“கயிறு பார்ல சிக்கிட்டுக்கா,” என்றேன்.

என் பின்னால் படக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தத் தவம்.

ஏழெட்டு மாதம் கழித்து, முடிந்த படத்தோடு திரும்பி வந்தார். படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன், யாராவது ஒரு காட்சி வேண்டாம் என்றால் வெட்டி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. படத்தில் எல்லாம் இருக்குமே. மச்சான் பார்ப்பாரே. அக்காள் பார்ப்பாளே.

படம் போடுகிற மண்டபத்துக்குப் போகுமுன் அவர் என்னைத் தேடி வந்தார். நான் வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பால்மாவு டப்பாவை என் மடியில் வைத்தார். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு படச்சுருளும், ஒரு ஒலிநாடாவும் இருந்தன.

“உங்க முகம் இதுல இருக்கு தம்பி. என் குரல் அதுல இருக்கு. ரெண்டையும் வெட்டிட்டேன். வேற பிரதி எங்கயும் கிடையாது.”

“யாருட்டயும் சொல்லிராதீக,” என்றேன். அழுதிருப்பேன் போல.

“நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும்.” எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். “கூப்பிட்டது நான். அத மறந்துடாதீங்க.”

பங்குக் கோயில் மண்டபத்தில் ஜன்னல்களையெல்லாம் பாயால் அடைத்துவிட்டு உச்சிவெயிலில் படம் போட்டார்கள். வியர்வையும் மீன்வாடையும் பீடி நாற்றமுமாக ஊரே உள்ளே இருந்தது. திரையில் மச்சான் தண்ணீரில் இறங்கினார். கயிறு ஓடியது. சட்டென்று இருட்டு. கடல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“கரண்டு போச்சு!” என்று ஒருவர் கத்தினார். விசில் பறந்தது. முன்வரிசையில் இருந்த மச்சான், நல்ல காதை என் பக்கம் திருப்பி, “என்னலே இருட்டாக் கெடக்கு?” என்றார்.

“ரீல் கெட்டுப்போச்சாம் மச்சான்.”

அது இரண்டாவது பொய். பதினோரு விநாடி கழித்து வெளிச்சம் வந்தது.

வெட்டிய இடத்தை ஒட்டிவிட்டிருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஏன் இப்படி ஓட்டை விட்டீர்கள் என்று அவரிடம் சண்டை போட்டேன். “ஒட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும். இருட்டா இருந்தா, இங்க என்னமோ இருந்துச்சுன்னாவது தெரியும்ல?” என்றார். அந்த இருட்டைத்தான் பிற்பாடு பெரிய பெரிய ஆட்கள் வியந்தார்கள். ஒரு பேராசிரியர் அந்தப் பதினோரு விநாடிக்குப் பதினோரு பக்கம் எழுதியிருந்தார். கடலின் ஆழம், மரணத்தின் நிறம், இன்னும் என்னென்னவோ. படக்காரம்மா அதை எனக்குத் தபாலில் அனுப்பி, ஓரத்தில், ‘உங்கள் மஞ்சள் சட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை’ என்று எழுதியிருந்தார்.

மச்சான் அதற்குப் பிறகு சங்கு குளிக்கப் போகவில்லை. காது போனதால் என்று நான் நினைத்துக்கொண்டேன். வலை கட்டப் போனார். புதிதாகக் குளிக்கப் போகிறவர்கள் அவரிடம் யோசனை கேட்டால், “மூச்சு முட்டிச்சுன்னா தன் கையவே நம்பக் கூடாதுலே,” என்பார். பட்டவர் சொல்லுகிறார் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

இனிமேல் கயிற்றையே தொடமாட்டேன் என்று சபதம் போட்ட எனக்கு, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலை கிடைத்தது. ஆண்டவருக்கும் கேலி உண்டு. ஒவ்வொரு கயிறும் என் தொடை மொத்தம் இருக்கும். கட்டுகிறபோது ஆள் கூப்பிட்டாலும், கப்பல் சங்கு ஊதினாலும் நான் திரும்பமாட்டேன். கண் கயிற்றிலேயே இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் என்னைச் செவிடன் என்பார்கள். எங்கள் வீட்டில் செவிடர் வேறு ஒருவர் என்று அவர்களுக்குத் தெரியாது.

அங்கேயும் படக்காரம்மா வந்தார். துறைமுகத்து ஆட்களைப் பற்றிய படம். மூன்று நாள் என்னை மட்டும் எடுத்தார். ராட்சதப் பளுதூக்கிகளின் நிழல் கழுவிவிட்ட தளத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். உப்புக்காற்றில் எல்லாம் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் மிதப்பாக இருக்கும். அந்த மங்கலுக்குள் சேலையும் ஆம்பிளைச் சட்டையுமாக அவர் வந்து நிற்பார், நகர்வார், காணாமல் போவார். காமிரா ஓடுகிற சத்தத்தை வைத்துத்தான் இருக்கிறார் என்று தெரியும். மூன்று நாளும் அவர் கூப்பிடவில்லை. நானும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

“ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலியே தம்பி.”

“நீங்க கூப்புடலியே.”

அவர் சிரித்தார். டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்கடை அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கிளம்புகிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “மச்சான்கிட்ட சொல்லிட்டீங்களா?” இல்லை என்பேன். “சரி,” என்பார். ஏன் என்று கேட்டதில்லை, சொல்லுங்கள் என்று சொன்னதில்லை. நெத்திலியைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலவே எனக்காகவும் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்காகத்தான் மறைத்தேன். வருஷம் போகப் போக அவருக்காகவும் மறைக்க வேண்டியதாயிற்று. யாரையும் திரும்பிப் பாரென்று சொல்லாதவர் என்றல்லவா அவரை உலகம் கொண்டாடுகிறது? நான் வாயைத் திறந்தால் அவர் பெயரும் கெடும். இப்படி ஒரு சாக்கு கிடைத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. கடைசியாக நான் பார்த்தபோது அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேருந்து ஜன்னல் வழியாகக் கை நிறையப் பொரிகடலையை மட்டும் கொடுத்தார். வீடு வரைக்கும் அதைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அவர் இறந்த சேதி பத்திரிகையில் பார்த்துத்தான் தெரியும். கொஞ்ச நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். பழைய படங்களைப் புதுப்பித்துப் பாதுகாக்கிற ஒரு இடத்தில் வேலை பார்க்கிறவள். அவருடைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

“சங்குப் படத்தோட டப்பாக்குள்ள மேடம் ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தாங்க அங்கிள்,” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அதே சாய்ந்த கையெழுத்து. ‘நடுவில் உள்ள இருட்டு தருவைகுளத்துத் தம்பியுடையது. அவர் கொடுத்தால் என் குரலோடு சேர்த்துப் படத்தில் சேர்க்கவும். கொடுக்காவிட்டால் இருட்டாகவே இருக்கட்டும். யாரும் அவரை வற்புறுத்த வேண்டாம்.’

“அவங்க எடுத்த எந்தப் படத்துலயும் அவங்க குரல் இல்ல. எங்ககிட்ட இருக்கிற டேப் எல்லாத்தையும் கேட்டுட்டோம். ஒரு வார்த்தகூட இல்ல,” என்றாள் அந்தப் பெண்.

நான் சீட்டை இரண்டு தடவை படித்தேன். என் சாக்கையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் படக்காரம்மா. எழுந்துபோய்ப் பரணில் இருந்த பால்மாவு டப்பாவை இறக்கினேன். கோயில் மெழுகுதிரியை உருக்கி நான் அடைத்த மூடி அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் திறந்ததில்லை. “சேக்கறதுக்கு முன்ன மொதல்ல மச்சானுக்குக் காட்டணும் தாயி,” என்றேன். “அவுக வழக்கம் அது.”

இரண்டு மாதம் கழித்து அவள் மடிக்கணினியோடு வந்தாள். காலை பத்து மணி இருக்கும். தருவைகுளத்தில் அக்காள் வீடு. மச்சானுக்கு எழுபது நெருங்குகிறது. முட்டி தேய்ந்து போய், தரையில் உட்கார்ந்தால் ஆள் தூக்கிவிடாமல் எழுந்திருக்க முடியாது. ஆனாலும் நாற்காலியில் உட்காரமாட்டார். பாயில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

“மச்சான், கோயில் மண்டபத்துல படம் பாத்தோம்லா. நடுவுல இருட்டு வந்துச்சே. ரீல் கெடல. நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்.”

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள்.

தண்ணீர் வெளிச்சம். வள்ளத்தின் விளிம்பு. மஞ்சள் சட்டையில் ஒருவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “தம்பி, இங்க பாருங்க,” என்கிறது ஒரு குரல். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததைவிட அது சின்னக் குரலாக, ஆசையான குரலாக இருந்தது. அவன் திரும்புகிறான். சிரிக்கிறான். அவன் கையில் கயிறு ஒரு தடவை வெட்டுகிறது. இன்னொரு தடவை வெட்டுகிறது. அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். முடிந்தது.

அடுப்படி வாசலில் அக்காள் நின்றுகொண்டிருந்தாள்.

“போடு இன்னொருக்க,” என்றார் மச்சான்.

போட்டாள். மூன்றாவது தடவை போடச் சொல்லிவிட்டுக் குனிந்து, திரையில் கயிற்றின் மேல் விரலை வைத்தார். “இந்தா. ஒண்ணு. ரெண்டு.” அடுப்படிப் பக்கம் திரும்பினார். “ஏளா, இங்கன வா. பாத்தியா? நான் இழுத்திருக்கேன். ரெண்டு தடவையும் இழுத்திருக்கேன்.”

பிறகு அந்தச் சென்னைப் பெண்ணிடம் சொன்னார். “கயிறு சிக்கிட்டுன்னு இவன் சொன்னாம்மா. சிக்கின கயித்த இழுத்தா கீழ இருக்கவனுக்குத் தெரியும். எனக்கு அப்டி ஒண்ணும் தெரியல, மூச்சு முட்டுனதுல இழுத்தேனான்னே நெனவு இல்ல. அப்பம் நான் இழுக்கவே இல்ல, பயத்துல கை மறந்துட்டுன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு எங்கைய நானே நம்பல. அதாங் கடலுக்குள்ள எறங்கல.” கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுவது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. “மறக்கல பாத்தியா? எங்கை மறக்கல.”

நான் மறைத்தது என் குற்றத்தை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய கையையும் சேர்த்து அந்த டப்பாவுக்குள் அடைத்து வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

“நீங்க இழுத்தது எனக்குத் தெரிஞ்சுது மச்சான். தெரிஞ்சும் இருந்துட்டேன்.”

“அதான் படத்துல கெடக்கே,” என்றார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை.

அக்காள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். இரண்டு தம்ளர். ஒன்றை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள், ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தாள். என்னிடம் வந்து நின்று, “கண்ணு கயித்துல இருக்கட்டும்னு சொன்னேனா இல்லியாலே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மச்சான் பாதிக் காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். குடி என்று சொல்லவில்லை. நான் குடித்தேன்.

“படத்துல இதச் சேத்துரலாமா அங்கிள்?” என்று அந்தப் பெண் தயங்கிக்கொண்டு கேட்டாள். “மேடம் யாரையும் கூப்பிட்டதே இல்லன்னுதான் எல்லாரும்...”

“கூப்புட்டாகல்லா. கூப்புட்டத எதுக்கு மறைக்க? அந்த அம்மாவே எழுதிக் குடுத்திருக்காக,” என்றார் மச்சான். “சேத்துரு தாயி. இருட்டாக் கெடந்தது போதும். போறதுக்கு முன்ன இன்னும் ஒரே ஒருக்கப் போட்டுட்டுப் போ.”

அவள் போட்டாள். தண்ணீர் வெளிச்சம் அவர் முகத்திலும் வெள்ளைத் தலையிலும் ஆடியது. வெளியே எங்கேயோ மீன் ஏலம் போடுகிற சத்தம். அது மங்கி, அந்தப் பழைய நாளின் கடல் சத்தம் அறைக்குள் வந்தது. அப்போது மச்சான் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, பக்கத்தில் துழாவி, என் கையைப் பிடித்து இரண்டு தடவை வெட்டி இழுத்தார்.

“தம்பி, இங்க பாருங்க,” என்றார் படக்காரம்மா.

நான் திரும்பவில்லை. மச்சானைத் தூக்கினேன்.